சுண்ணாம்பு வட்டம்

ஷிப்டுக்கு நுழையும்போது கம்பெனி வாசலில் தூவியிருந்த சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியதும், இதே இடத்தில் இருந்த எங்கள் திடலும், சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒருத்தி நொண்டியடித்துத் துரத்த மற்றவர்கள் புழுதி பறக்க ஓடியதும், எல்லோரையும் தொடும்வரை அவள் தூக்கிய காலை ஊன்றக்கூடாது என்ற சட்டமும் நினைவுக்கு வந்தன. கடைசி ஆட்டத்தின் நடுவே, கம்பெனி கட்டத் திடலைத் தோண்ட பொக்லைன் வந்தது. நாங்கள் ஓடிவிட்டோம், துரத்திக்கொண்டிருந்த செல்வி மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். அன்றைய எங்கள் வயதுப் பிள்ளைகள் இப்போது எங்கள் காலனியில் படிக்கு ஒருவராய், போனைப் பார்த்தபடி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லைனில் என் பக்கத்தில் நாளெல்லாம் நின்றே வேலை செய்யும் செல்வி, இன்று ஒரு காலைத் தூக்கியிருந்தாள்.

"கால கீய வைடி," என்றேன்.

"இன்னும் ஒருத்திய தொடல," என்று கையை நீட்டினாள்.

எனக்கு ஓட இடமில்லை.