ஒப்பீட்டுச் சந்து

ஒரு உதவி நிஜமாகவே உதவுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த உதவி கிடைக்காத ஒருவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் யாராக இருக்கலாம்?

நீதியைப் பற்றி எழுதியவர்களின் புத்தகங்களில் அந்த ஒருவருக்கு முகம் இருப்பதில்லை. ‘ஒருவன்’ என்று ஆரம்பித்து ‘ஆகவே’ என்று முடித்துவிடுவார்கள். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாளா, அவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று எந்தப் புத்தகமும் கேட்டதில்லை. கேள்விக்காரியின் வாழ்க்கை கேட்டது. அவளாக விரும்பிக் கேட்கவில்லை.

கேள்விக்காரி என்பது நகரத்தின் ஓரத்துச் சந்துகளில் அவளுக்கு விழுந்த பெயர். ஏழைகள் எதனால் முன்னேறுகிறார்கள், எதனால் முன்னேறாமல் போகிறார்கள் என்று ஆராயும் ஒரு நிறுவனத்தில் அவள் கள மேற்பார்வையாளர். கல்லூரியை முடித்த கையோடு தற்காலிகமாகச் சேர்ந்த வேலை. தற்காலிகமாகவே தலை நரைத்துவிட்டது. வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, கூரை என்ன கூரை, அடுப்பு என்ன அடுப்பு, போன வாரம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பாள். அவளைப் புகழ ஒன்றுதான் உண்டு: எந்தப் பதிலுக்கும் முகம் சுளிக்கமாட்டாள். அது கருணை இல்லை, பழக்கம் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம்.

சந்துக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. “போன வருஷம் வந்தப்ப கோழி இருக்கான்னு கேட்டே, இருக்குன்னேன். இந்த வருஷம் இல்லேன்னு சொல்றேன், எழுதிக்க. உனக்கும் ஒரு மாறுதல் வேணும்ல” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும்: பேர் எழுதியாச்சே, எப்போ கிடைக்கும்? பேர் எழுதுவது வேறு, கிடைப்பது வேறு. இது ஆராய்ச்சி, சலுகை இல்லை. எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவள் பொறுமையாகச் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவள் வாயில் தேய்ந்துபோயிருந்தது. அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் யாரும் நம்பியதில்லை. கடைசியில் பார்த்தால், அவளும் நம்பியிருக்கவில்லை.

அவளுடைய அக்கா இருந்தது அப்படி ஒரு சந்தில். அக்கா புருஷன் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அக்காவுக்கு ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட். தெரு முனைக்குத் தண்ணீர் லாரி வருவது காலையில்தான். ஆனால் எத்தனை மணிக்கு என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. யாராவது ஒருவர் குடங்களோடு நின்றாக வேண்டும். நின்றது அக்கா மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. மேதை என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடம் பிடித்த பெண். லாரி சீக்கிரம் வந்த நாளில் பள்ளிக்கு ஓடுவாள். தாமதமாக வந்த நாளில் வாசல் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். குடத்தோடு போன பெண் குடத்தோடே வீட்டில் இருப்பாள்.

அந்த வருஷம் நிறுவனத்துக்கு ஒரு பெரிய ஆய்வு வந்தது. சில சந்துகளில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டுக் கொடுப்பது. அதே மாதிரி வேறு சில சந்துகளில் போடாமல் விடுவது. பிறகு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது. பெண்களின் நேரம், பிள்ளைகளின் படிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் கேள்வியில் வரும். எந்தச் சந்துக்குக் குழாய் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அதில் யார் கையும் இருக்காது, அதனால் யார் மேலும் பழி இருக்காது.

சந்துகளைத் தேர்ந்தெடுத்தபோது அக்காவின் சந்து பட்டியலில் இல்லை. முக்கியச் சாலைக்கு மிக அருகே இருக்கிறது என்று ஒதுக்கியிருந்தார்கள். கேள்விக்காரி கூட்டத்தில் எழுந்து வாதாடினாள். அதே மாதிரி இன்னொரு சந்தைச் சேர்த்திருக்கிறீர்களே, அதற்கு ஒரு நியாயம் இதற்கு ஒரு நியாயமா என்றாள். சொன்னதில் பொய் இல்லை. அக்கா அங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. இயக்குநர் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அன்று மாலை அவள் அக்கா வீட்டுக்குப் போய், வாயைக் கட்ட முடியாமல், “கொஞ்சம் பொறுத்துக்கக்கா, உங்க சந்தும் உள்ள வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வாசல் வாசலாக இத்தனை காலம் அவள் திருத்திவந்த அதே தப்பு. தெரியாமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டாள். ஆய்வுக்கு வெளியே இருக்கிறவர்கள் அப்படியே விடப்படுகிறார்கள். உள்ளே வந்து குலுக்கலில் விழாதவர்கள் அப்படியே வைக்கப்படுகிறார்கள். விடப்படுவது வேறு, வைக்கப்படுவது வேறு.

குலுக்கலில் அக்காவின் சந்து விழவில்லை. ஒப்பீட்டுச் சந்து என்று பெயர் பெற்றது. கேள்விக்காரி கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

அது அத்தோடு போயிருந்தால் விதி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சில வாரங்கள் கழித்து வேறொரு தொண்டு அமைப்பு அந்தப் பகுதியில் தெரு முனைகளில் பொதுக்குழாய் வைக்கக் கிளம்பியது. நல்ல காரியம்தான், ஆனால் ஒப்பீட்டுச் சந்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வந்துவிட்டால் ஒப்பிட என்ன இருக்கிறது? ஆய்வு முடியும்வரை தங்கள் சந்துகளை மட்டும் விட்டுவிடும்படி இயக்குநர் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். அவர்களும் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்கள். எந்தெந்தச் சந்து என்று போனில் கேட்டபோது இயக்குநர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கேள்விக்காரியைப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்காவின் சந்து நடுவில் வந்தது. குரல் அந்த இடத்தில் தடுமாறவில்லை என்பது பிற்பாடு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உறவுக்காரர் வீட்டில் கணக்கெடுக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. அதனால் அக்காவின் சந்துக்குப் போனவர் எப்போதும் குடையும் கையுமாகத் திரியும் ஒரு சக ஊழியர். குடைக்காரர் என்றால்தான் அலுவலகத்தில் தெரியும். முதல் சுற்றில் அக்கா அவரை உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, நம்ம வீட்டு ஆள் வேலை பார்க்கிற இடம் என்று உபசரித்து அனுப்பினாள். இரண்டாம் சுற்றில் பக்கத்துச் சந்தில் குழாய் வந்திருந்தது. அக்கா பதில் சொன்னாள், உபசாரம் குறைந்திருந்தது. தங்கை வரும்போதெல்லாம் எங்களுக்கு எப்போடி என்று கேட்டாள். அடுத்த கட்டத்தில் வரும் என்று கேள்விக்காரி சொன்னாள். அப்படி ஒரு அடுத்த கட்டம் திட்டத்தில் எழுதியும் இருந்தது. அது மட்டும்தான் அவளுக்கு ஆறுதல்; அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் சுற்றுக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் பெண்ணின் பெயரை நீக்கிவிட்டார்கள். வராத நாள் அதிகம் என்று காரணம். அட்டைப்பெட்டி மடிக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் தண்ணீர் பிடித்துவிட்டு மதிய ஷிப்ட் போகலாம் என்பது அதில் ஒரு வசதி. குடைக்காரர் சுற்று முடித்து வந்தவர், மேற்பார்வையாளரின் மேசை முன்னால் நின்றார். “உங்க அக்கா பொண்ணு நின்னுடுச்சு மேடம். பதிவு பண்ணிட்டேன்” என்றார். பதிவு பண்ணாமல் என்ன செய்வார்? அவள் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தாள்.

முடிவுகளைச் சொல்லும் கூட்டம் ஒரு பெரிய ஓட்டலின் குளிரூட்டிய அறையில் நடந்தது. திரையில் இரண்டு கோடுகள். ஒன்றாகக் கிளம்பி, போகப் போக மேலும் கீழுமாகப் பிரிந்தன. குழாய் வந்த சந்துகளில் பெண் பிள்ளைகள் பள்ளியில் நிலைத்தார்கள். வராத சந்துகளில் நின்றுபோனார்கள். இவ்வளவு தெளிவான வித்தியாசம் அபூர்வம் என்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் சொன்னார். கைதட்டினார்கள். அதில் கபடம் ஒன்றும் இல்லை. மேல் கோட்டுக்காகத்தான் தட்டினார்கள். ஆனால் மேல் கோடு உயர்ந்தது என்று காட்டக் கீழ்க்கோடு வேண்டும். கீழ்க்கோட்டில் ஒரு புள்ளியைக் கேள்விக்காரி தூக்கி வளர்த்திருந்தாள். அவளும் தட்டினாள். பக்கத்தில் இருந்த குடைக்காரர் தட்டவில்லை. அவருக்கு மடியில் குடை இருந்தது.

அடுத்த கட்டம் வரவில்லை. உதவி கொடுத்தவர்களின் ஆர்வம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. குழாய் பயன்படுகிறது என்பதுதான் நிரூபணமாகிவிட்டதே, நிரூபணமான விஷயத்தில் இனி ஆராய என்ன இருக்கிறது என்றார்களாம். இதைவிடக் கசப்பான தர்க்கத்தை எந்தத் தத்துவப் புத்தகத்திலும் படித்ததில்லை. பிழை இன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டவும் முடியாது.

செய்தி அக்கா வீட்டுக்குப் போனது பத்திரிகை வழியாக. பெட்டிக்கூடத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்துப் போடுவார்கள். பெண் அதில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேள்விக்காரி வந்திருந்தபோது பெண் அதை விரித்து வைத்துக் கேட்டாள்.

“சித்தி, ‘குழாய் இல்லாத சந்துகள்’னு போட்டிருக்காங்களே, அது நாமதானா?”

சித்தி ஆமாம் என்றாள். வாசல் பக்கம் துணியை உதறிக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்தாள்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமாடி?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“குலுக்கல் அன்னிலேருந்து.”

அக்கா துணியை மடித்தாள். நாலாய் மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். “முனையில பொதுக்குழாய் வைக்கறேன்னு அளந்துட்டுப் போனாங்களே, திரும்பி வரவே இல்லியே. அது?”

“சந்து பேரை நான்தான் சொன்னேன். சேர்க்கச் சொன்னதும் நான்தான். எல்லாம் நான்தான்க்கா.”

“வேத்து ஆளு செஞ்சிருந்தா வாய் வலிக்கத் திட்டிட்டு மறந்திருப்பேன். உன்ன என்னன்னு திட்டுறது?” என்றாள் அக்கா. அப்புறம் பழக்க தோஷத்தில், “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண் அந்தத் தாளை எடுத்து மடித்தாள். பெட்டி மடித்துப் பழகிய கை, ஓரம் பிசகாமல் மடித்தது.

விஷயம் குடைக்காரர் மூலமாக இயக்குநர் காதுக்குப் போனது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாகியிருக்கும். குழாய் போட்ட ஒப்பந்தக்காரரிடம் சாமான் மிச்சம் இருந்தது. குடிநீர் வாரியப் பொறியாளரும் தெரிந்தவர். கேள்விக்காரியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ஆய்வுதான் முடிஞ்சிடுச்சே, இனிமே விதி ஒண்ணும் குறுக்க நிக்காது. அந்தச் சந்துல ஒரு வீட்டுக்கு மட்டும் இணைப்பு கொடுக்கச் சொல்ல முடியும். ஒண்ணுதான். உங்க அக்கா வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுங்க. இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, இதுகூடச் செய்யலேன்னா எப்படி?”

காலை நேரம் கைக்கு வந்தால் பெண் தனித்தேர்வு எழுதலாம். வயசு இன்னும் தாண்டவில்லை. தேர்வுக்கு விசாரித்து வைத்திருந்ததும் கேள்விக்காரிதான். இயக்குநர் தாளை நகர்த்தி வைத்தார்.

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “அக்கா வீடு வேணாம் சார். அந்தச் சந்துல கடைசி வீட்டுக்குக் கொடுங்க” என்றாள்.

கடைசி வீட்டில் இருந்தவர் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர். தனி ஆள். மூன்று சுற்றிலும் கணக்கெடுக்கப் போன குடைக்காரரின் முகத்தில் கதவை அறைந்து சாத்தியவர். அந்தச் சந்தில் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாத ஒரே வீடு. இயக்குநர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதே பதில். காரணம் கேட்டார். அவள் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

அக்காவின் வீடு சந்து முனைக்குக் கிட்டத்தில். கடைசி வீட்டுக்குப் பைப் போக அக்கா வாசலைத் தோண்டினார்கள். தோண்டிய நாட்களில் தாயும் மகளும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளத்தைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பைப் சந்து முழுக்கப் போய்விட்டால் நாளைக்கு மற்ற வீடுகள் இணைப்பு கேட்கச் சுலபம், அதை நினைத்துத்தான் செய்திருக்கிறாள் என்று குடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு நியாயஸ்தியாகக் காட்டிக்கொள்ளச் சொந்த ரத்தத்தைப் பலி கொடுத்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள். ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்றும் சொன்னாள். கேள்வி கேட்கவிடாத மனிதன் மேல் அவளுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். எதற்கும் அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பெண் மட்டும் ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் வழிமறித்து நேராகவே கேட்டாள்: “ஏன் சித்தி?”

இவ்வளவு காலம் பிறரிடம் பதில் வாங்கியே பிழைத்தவள், கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். வந்த பேருந்தில் ஏறிக்கொண்டாள்.