மேடையில் நன்றி சொன்ன மார்லிஸ்

இன்று காலை கல்லூரி கேன்டீனில் மார்லிஸைப் பார்த்தேன். சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். வகுப்பை விட்டுவிட்டு எழுதுகிறேன்!

மார்லிஸ் எங்கள் டுலூத் ஊர்ப் பெண். நாடகத்தில் இளங்கலை, கடைசி வருடம். நாடகம் படிப்பதாகச் சொன்னாலே எல்லோரும், "எதுல நடிச்சிருக்க?" என்பார்கள். நான்கு வருடமாக அவளிடம் பதில் இல்லை. நடிக்கத்தான் சேர்ந்தாள். முதல் வருடம் யாரோ மேடை நிர்வாகியாக உட்கார வைத்தார்கள். எந்த விளக்கு எப்போது எரியவேண்டும், யார் எப்போது நுழையவேண்டும் என்று பின்னால் கண்ணாடி அறையிலிருந்து சொல்கிற வேலை. பிசகில்லாமல் செய்துவிட்டாள். அது போதாதா? அதன்பிறகு ஒவ்வொரு நாடகத்துக்கும் வேடம் கேட்டு நடித்துக் காட்டுவாள். கண்ணாடி அறைக்கே அனுப்புவார்கள்.

அவள் அப்பா ஸ்டூவர்ட் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாடகம் விடமாட்டார். முடிந்ததும் எல்லோரும் மேடையைப் பார்த்துக் கைதட்ட, அவர் மட்டும் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்துத் தட்டுவார்.

இப்போது நடப்பது அவளுடைய கடைசி நாடகம். இதிலும் நிர்வாகிதான். நேற்று மதியம், அக்கா வேடம் போடும் டாம்சினுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வசனம் முழுக்கத் தெரிந்த வேறு ஆள் மார்லிஸ்தான். பேராசிரியர் ரோல்ஃப் "நீ ஏறு" என்றுவிட்டார். கண்ணாடி அறைக்கு அவள் தோழி ஓடெட் போனாள்.

"அப்புறம்?" என்றேன், சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்ட மார்லிஸை உலுக்கி எழுப்பி.

"அப்புறம் என்ன, மானம் போச்சு."

நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திரை தூக்குவதற்கு முன் நிர்வாகி ஒப்பனை அறைக்கு வந்து "அஞ்சு நிமிஷம்!" என்று கத்துவார். காதில் விழுந்ததற்கு அடையாளமாக உள்ளே இருப்பவர்கள் "தேங்க்ஸ், அஞ்சு!" என்று திருப்பிக் கத்தவேண்டும்.

"நாலு வருஷமா கத்துறவ நான்டி. ஒரு தடவையாவது அந்தப் பதில சொல்றவளா இருக்கணும்னு எவ்வளவு ஆச தெரியுமா? நேத்து ஓடெட் வந்து கத்தறப்ப நான் பாத்ரூம்ல வாந்தி எடுத்துக்கிட்டிருக்கேன். பதில் சொல்லாமலேயே மேடைக்குப் போயிட்டேன்."

"சரி, அதனால?"

"ரெண்டாவது காட்சி. அம்மா சாகக் கெடக்கா. தம்பி ஓடி வந்து, 'டாக்டர் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார்'னு சொல்றான். நான் அழணும்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "'தேங்க்ஸ், அஞ்சு!'ன்னு கத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ மார்லிஸ்!"

"சிரி, நல்லா சிரி. பக்கவாட்டுல நின்ன பசங்க தரையில உருண்டானுங்க. செத்துக்கிட்டிருந்த அம்மாவோட போர்வையே குலுங்குச்சு."

"அப்பா என்ன சொன்னார்?"

"அவருக்கு ஒண்ணும் புரியல. 'அவ்வளவு துக்கத்துலயும் நன்றி சொன்னா பாரு, நல்ல வளர்ப்பு'ங்கறார். முதல் தடவையா மேடையப் பாத்துக் கைதட்டினார்டி." கண் கலங்கியது. எனக்கும்தான்.

டாம்சினுக்கு இன்னும் குரல் வரவில்லை. மேடையா, கண்ணாடி அறையா என்று மதியத்துக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் ரோல்ஃப். மேடை வேண்டாம் என்றால், அக்கா வசனத்தை யாராவது புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிடுவார்களாம்.

"அந்த அறையில உக்காந்தா தப்பே வராது. கண்ண மூடிக்கிட்டு செய்வேன். யாரும் சிரிக்க மாட்டாங்க," என்றாள். ஆறிப்போன சூப்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து ஒரே சொல் அடித்து அனுப்பினாள். எட்டிப் பார்த்தேன். 'மேடை.'

"சந்தோஷமா இருக்கா?"

"இல்லடி. ஒடம்பெல்லாம் வலிக்குது. ஒரு அரை மணி தூங்க விடு."

மறுபடி கன்னத்தை மேஜையில் வைத்துக்கொண்டாள்.

டுலூத்தில் இருப்பவர்களே, இன்றும் நாளையும் மாலை கல்லூரி அரங்கில் நாடகம் இருக்கிறது, தயவுசெய்து போய்ப் பாருங்கள். பாதி நாற்காலி காலிதான். ஹீட்டர் சரியில்லை, கோட்டைக் கழற்றாதீர்கள். போகமுடியாதவர்கள் இதைப் பகிருங்கள். போகக்கூடிய ஒருவர் கண்ணிலாவது படட்டும்.