அண்ணனின் சாக்கெட்டுகள் ஏன் மேசையில் இல்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும், மில்லர்புரத்து அக்கம்பக்கத்தாருக்கும் அண்ணனின் தங்கை வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. மதினிதான், "நீ எழுதுளா, அவுகளப் பத்தி ஒனக்குத்தான் முழுசாத் தெரியும்" என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணன் பொறுமையானவர் என்று எழுதும்படி சிலர் சொன்னார்கள். அமைதியானவர் என்றால் சரி. பொறுமையை நான் பார்த்ததில்லை. மட்டமான சாமானைக் கண்டால் கெட்டுப்போன மீனை மோந்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த அருவருப்பு அவர் போன பிறகு எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஓராண்டு நினைவுக்கு வருகிறவர்கள், "அவருடைய பட்டறைச் சாக்கெட்டுகளை மேசையில் வைப்பதாகச் சொன்னீர்களே, எங்கே?" என்று கேட்பீர்கள். அதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது புன்னைக்காயலில். அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தவர். ஒரு பயணத்தில் பாயை இழுத்துக் கட்டும் கொக்கி முறிந்து அப்பாவின் தோள் போய்விட்டது. அதற்குப் பிறகு கடலுக்குப் போக முடியவில்லை. முறிந்த கொக்கியை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். உள்ளே முழுக்கத் துரு, மேலே புதுப் பச்சைப் பெயிண்ட். அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். என் வீட்டுக்காரர் இளவயதில் இறந்ததும் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொண்டதும் அவர்தான். எனக்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்ததெல்லாம் சாமான்களைப் பார்த்துத்தான்.

உப்பு ஏற்றும் லாரிகளின் சக்கரத்தைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். உப்புத் தண்ணீர் ஒழுகி ஒழுகி நட்டு அப்படியே ஒட்டிப்போகும். ஆள் ஏறி நின்று மிதித்தாலும் அசையாது. காற்றழுத்தத்தில் ஓடும், துப்பாக்கி போன்ற கன்னை வைத்துத்தான் கழற்ற வேண்டும். அந்தக் கன்னின் முனையில் மாட்டி, நட்டைப் பிடிப்பதுதான் சாக்கெட். கன் சுற்ற மட்டும் செய்யாது. சுத்தியலால் அடிப்பது போல உள்ளே அடித்துக்கொண்டே சுற்றும். அந்த அடியைத் தாங்குவதற்கென்றே கறுப்பாக, தடியாக ஒரு வகை சாக்கெட் உண்டு. பளபளவென்று வெள்ளையாக இருப்பது கையால் திருகுவதற்கு மட்டும். அது கண்ணாடி மாதிரி விறைப்பானது, கன்னில் மாட்டினால் வெடிக்கும்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒரு தப்பைக் காலகாலமாகச் செய்கிறோம். கட்டில் வாங்கினாலும் கம்பி வாங்கினாலும் துருப்பிடிக்குமா, பிடிக்காதா என்று மட்டும் பார்ப்போம். கடல் காற்று நமக்கு அப்படிப் பழக்கிவிட்டது. கறுத்த சாக்கெட் நம் காற்றில் சீக்கிரம் சிவந்துபோகும், அதனால் அது மட்டம். வெள்ளை மினுங்கிக்கொண்டே இருக்கும், அதனால் அது உசத்தி. அண்ணன் வேலை பார்த்த பட்டறையிலும் இப்படி நினைத்து வெள்ளைச் சாக்கெட்டைக் கன்னில் மாட்டினார்கள். பக்கத்தில் வேலை பார்த்தவருக்கு ஒரு கண் போயிற்று. அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. "முட்டை ஓடு மாதிரி தெறிச்சிட்டுளா" என்று மட்டும் சொன்னார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, மகன் அந்தோணியோடு சொந்தமாகப் பட்டறை வைத்தார். சாக்கெட் வாங்கப் போகும்போது என்னையும் கூப்பிட்டார். அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. "பொடி எழுத்து தெரியல. நீ வந்து நம்பர வாசி" என்றார். எனக்குக் கடைக்குள் போகவே கூச்சம். ஆம்பிளைகள் கூடும் கடை. அண்ணன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஒரு சிவப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாம் வெள்ளை. "அண்ணாச்சி, பாருங்க, என்ன ஷோக்கா இருக்கு. நம்ம உப்புக் காத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"கன்னுக்குக் கேட்டேன். நீரு பீடத்துல வைக்கத் தாரீரு" என்றார் அண்ணன். "மூடும், மூஞ்சில வெளிச்சம் அடிக்கி."

அடுத்து ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. எனக்கு அது சரியென்று பட்டது. அண்ணன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஒரு சாக்கெட்டின் ஓரத்தில் கீறினார். கறுப்பு உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அதே வெள்ளைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். அண்ணன் வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

"ஏம்வே, கண்ண வாங்குற சாமானுக்குக் கரி பூசி விக்கீரே, ராத்திரி ஒறக்கம் வருதா ஒமக்கு?"

"நானா அண்ணாச்சி பூசுனேன்? வாரது இப்படித்தான் வருது."

"வந்தா திருப்பி அனுப்பும். அழுகுன மீன வலையில வந்துட்டுன்னு சோத்துல போட்டுத் தின்பீரா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பெட்டி வந்தது. சாவியால் கீறினால் கோடு விழுந்தது, உரியவில்லை. உடம்பு தடிப்பு. உள்ளே ஆறு மூலைதான். பன்னிரண்டு மூலை இருந்தால் நட்டின் முனையைத் தின்றுவிடும் என்று அண்ணன் வேண்டாம் என்பார். அடியில் குறுக்கே ஒரு துளையும் சுற்றிலும் ஒரு பள்ளமும் இருந்தன. அதில் பின்னைப் போட்டு ரப்பர் வளையத்தை மாட்டினால் சாக்கெட் கன்னிலிருந்து கழன்று பறக்காது. அளவு எண் ஆழமாகக் குத்தியிருந்தது, ஒட்டுக்காகிதம் இல்லை. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். நடுவில் ஓர் எண் இல்லை. "எண்ணிக்கைக்காகக் கண்டதையும் போட்டு அடைச்சிட்டு வேணுங்கிறத விட்டிருவான், சீ" என்று சொல்லி, அந்த ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கினார். வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய நட்டுகளை ஒவ்வொன்றிலும் போட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆட்டிப் பாரு. ஆடுதா?"

"ஆடல அண்ணே."

"அப்ப இதக் கெட்டச் சொல்லு."

தினமும் வேலை முடிந்ததும் அண்ணன் எண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைத்து வைப்பார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "என்ன மச்சான், கரிக்கடை போட்டிருக்கியளா?" என்பார்கள். "ஆமா, ஒம்ம மூஞ்சிக்குக் கொஞ்சம் பூசட்டா?" என்பார் அண்ணன். மதினியே ஒருமுறை, "இதுக்கு முலாம் பூசினா தெனமும் தொடைக்காண்டாமே" என்று கேட்டார்கள். அண்ணன் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஆசிட் தொட்டியில முக்குவான். உறுதியான இரும்பு அதுல முங்குனா உள்ளுக்குள்ள நொறுங்க ஆரம்பிச்சிரும். துரு மேல வாரது, தொடச்சா போயிரும். உள்ள வாரது கண்ணுக்கே தெரியாது."

கடைசி நாட்களில் அண்ணனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஜெபமாலை கையில் இருக்க, மதினி பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடினார். மகள் குடும்பம் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை முகம் மாறாமல் இருந்தது. நல்ல சாவு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குப் பொறுக்காமல் போனது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஓராண்டுத் திருப்பலி முடிந்து சாப்பாடு போடும் இடத்தில், படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு அண்ணனின் சாமான்களை வைக்கலாம் என்று முடிவானது. கப்பல் வேலையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த, அண்ணனின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாமல் சாக்கெட்டுகளை எடுத்துப்போய் லேத்தில் கடைந்து, தேய்த்து, முலாம் பூசி, நீல வெல்வெட் பெட்டியில் கொண்டுவந்து கூடத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் திறந்தார்.

"அடேயப்பா, நற்கருணைப் பாத்திரம் மாதிரில்லா இருக்கு!" என்றார் ஒருவர். "இப்பத்தான் மாமாவுக்கு மரியாதை" என்றார் இன்னொருவர். எல்லாரும் எடுத்து எடுத்து முகம் பார்த்தார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். தடிப்பைக் காணோம். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் வழவழவென்று தேய்ந்திருந்தது. எண்கள் அழிந்திருந்தன. செத்தவருக்குப் பவுடர் பூசி உதட்டுச் சாயம் போட்டது போல இருந்தது. ஆனால் அவ்வளவு பேர் முன்னால் வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு உப்பு லாரி வந்து நின்றது. சற்று நேரத்தில் ஷெட்டிலிருந்து கன் சத்தம் கேட்டது. வெளியாட்கள் இருக்கும்போது நான் ஷெட்டுக்குள் போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். லாரிக்காரரும் மாப்பிள்ளையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணி ஒரு நட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குக் கன்னைக் கொண்டுபோனான். முனையில் வெல்வெட் பெட்டிச் சாக்கெட் மினுங்கியது. நான் போய் அந்த நட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"அத்தை! கைய எடுங்க. கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"நீ கன்னக் கீழ வைலே."

"இது அப்பாவோடதுதான் அத்தை. உள்ள கறுத்த இரும்புதான். மேலதான் முலாம்."

"வைலேன்னா வை! கண்ணு ரெண்டும் ஒனக்குப் பாரமா இருக்கா?"

நான் கத்தி அவன் கேட்டதே இல்லை. கன்னைக் கீழே வைத்தான். சாக்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். வாய் ஓரத்தில் முலாம் மீன் செதில் போலத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்பு, வாயிலிருந்து பாதி உடம்புவரை ஓடியிருந்தது. ஒரே ஒரு நட்டைக் கழற்றியதற்கே இப்படி. அந்தோணி அதை வாங்கிப் பார்த்தான். பிறகு சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா இருந்திருந்தா..." என்றான்.

"இருந்திருந்தா அந்த வெல்வெட்டுப் பெட்டிய ஒந்தலையில கவுத்திருப்பாவ."

மாப்பிள்ளைக்கு முகம் சிறுத்துவிட்டது. "நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன் அத்தை" என்றார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மினுக்கிக் காட்டுவதைத்தான் மரியாதை என்று நாம் எல்லாருமே நினைக்கிறோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை தன் கையாலேயே அந்தச் சாக்கெட்டுகள் அத்தனையையும் பழைய இரும்போடு போட்டுவிட்டார். புதுசு வாங்க அந்தோணியோடு அவரும் போனார். கடையில் முதல் பெட்டியைக் கல்யாண மோதிரத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "சீ, பெயிண்டு. எடுத்துட்டுப் போங்க" என்றாராம். அந்தோணி சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மேசையில் அண்ணனின் ஜெபப் புத்தகமும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் இருக்கும். புதிய சாக்கெட்டுகள் வேலையில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் ஷெட்டுக்கு வரலாம்.

அண்ணன் படுக்கையில் இருந்தபோது முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட மதினிக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்த அக்கம்பக்கத்தாருக்கும், அடக்கத்துக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், ஆண்டு முழுவதும் ஜெபித்த பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புது சாக்கெட் வரும்வரை வேறு பட்டறைக்குப் போகாமல், லோடு தாமதமானாலும் பரவாயில்லை என்று வண்டியை எங்கள் வாசலிலேயே போட்டுக்கொண்டு காத்திருந்த லாரிக்காரருக்கும் நன்றி. கோபப்படாமல் ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளைக்குத் தனியாக நன்றி.

நான் எழுதியதில் பிழை நிறைய இருந்தது. அந்தோணிதான் ஷெட்டில் உட்கார்ந்து, வரி வரியாகத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துத் திருத்திக் கொடுத்தான். அதற்காக ஆண்டவருக்கு நன்றி.