தாயார் படத்துக்கு வைத்த பொட்டு

கதவைத் திறந்ததும் முதலில் வசம்பு வாசனைதான் வரும். அதற்குப் பின்னால் பழைய துணி, பழைய காகிதம்... திருப்பதியில் நான் வேலை பார்த்த ஓவியக் காப்பகத்தில், பூச்சி அண்டாமல் இருக்க ஒவ்வொரு டிராயரிலும் வசம்பை மெல்லிய துணியில் முடிந்து போட்டிருப்போம்.

நேற்று என் பேத்தி போனில் ஒன்று காட்டினாள். எங்கோ ஒரு காப்பகத்தில் பழைய ஓவியங்களை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று படம் படமாகப் போட்டிருக்கிறார்கள். "ஆயா, நீயும் இந்த வேலதானே செஞ்சே? எழுது" என்றாள். சித்தூர் மிஷன் ஸ்கூலில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தேழு, எழுபத்தெட்டாம் வருஷம் இருக்கும். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த புதிது. கூட்டுவது, துடைப்பது, துணி ஓவியங்களை நிழலில் ஆறப்போட்டு மூங்கிலில் சுருட்டுவது... இதுதான் என் வேலை. மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில் சாயம் உடைந்துவிடும்.

எங்களுக்கெல்லாம் மேலே கமலாட்சி மேடம். பெரிய படிப்பு. ஆனால் கையில் ஒரு வளையல்கூட இருக்காது. படத்தில் உரசிவிடுமாம்!

வாட்ச்மேன் முனிரத்தினம் அண்ணன் பிச்சாட்டூர்க்காரர். பல வருஷமாகத் தினக்கூலி. ஐதராபாத்திலிருந்து ஆபீசர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வேலை பர்மனென்ட். அந்த வருஷம் ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் ஆபீசர் வருவதாக இருந்தது.

லீவுக்கு முந்தின நாள் ஆபீசில் பூஜை. அண்ணன் தலைக்குக் குளித்துவிட்டு வந்து சந்தனம் குழைத்தார். பீரோ, மேஜை, நாற்காலி, சைக்கிள், துடைப்பம்... ஒன்றுவிடாமல் பொட்டு வைத்துக்கொண்டே போனார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நான் பொரிகடலைக்காகக் காத்திருந்தேன்.

உள் ரூம் மேஜையில், ஆபீசருக்குக் காட்ட எடுத்து வைத்த தாயார் படம். தாமரையில் உட்கார்ந்த அலமேலு மங்கை, காகிதத்தில் வரைந்தது. எங்களிடம் இருந்ததிலேயே பழசு. நான் போய்ப் பார்க்கிறேன்... நெற்றியில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்!

"அண்ணா! இன்னா பண்ணிக்கினு கீறே?"

"இன்னாம்மா? நாற்காலிக்கே வச்சேன். தாயார வெறும் நெத்தியோட உடச் சொல்றியா?"

சத்தம் கேட்டு மேடம் ஓடி வந்தார். அண்ணன் பதறிப்போய்த் தோள் துண்டை எடுத்தார்.

"கைய எடு! தொடச்சா கலரும் சேந்து வந்துடும். அது பாட்டுக்குக் காயட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு திட்டுக்கூட இல்லை. அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். "போச்சு எஸ்தரு... ஆபீசர் பாத்தா என்னத் தொரத்திடுவான். இத்தினி வருசம் காத்துக்கினு இருந்தும் வீணாப் போச்சே..."

மேடம் என்னைக் கூப்பிட்டார். "எஸ்தர், பேக்கரில ஒரு பன்னு வாங்கினு வா. வெறும் பன்னு."

பாவம், பசி போல என்று நினைத்து டீயும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனேன்! மேடம் டீயை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பன்னின் நடுவிலிருந்த மெத்தைப் பகுதியை மட்டும் கிள்ளி உருண்டை பிடித்தார்.

காய்ந்த சந்தனம் விரிசல் விட்டது. நான் லென்ஸைப் பிடித்துக்கொள்ள, அவர் மெல்லிய பிரஷால் ஒவ்வொரு துணுக்காக எடுத்தார். மிச்சத் தூளின்மேல் பன் உருண்டையை உருட்டினார். தேய்க்கவில்லை, உருட்டினார். மூச்சு படக்கூடாதென்று முகத்தைத் திருப்பி மூச்சு விட்டார். எறும்பு வராமல் நான் துகள் பொறுக்கினேன். மறுநாள் லீவிலும் வந்து அதே வேலை.

கடைசியில் கடுகளவு சிவப்பு மட்டும் நின்றது. "இதுக்கு மேல தொட்டா காகிதம் போயிடும்" என்று பிரஷைக் கீழே வைத்தார். அந்தக் கை எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த கை.

அண்ணன் மெல்ல, "அம்மா... முன்னயே இருந்துச்சின்னு சொல்லிடலாமா?" என்றார்.

"படத்தப் பத்திப் பொய் சொல்ல என்னால ஆவாது, முனிரத்தினம்."

அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்கு மேடம்மேல் கோபம்கூட வந்தது.

ஆபீசர் வந்தார். படத்தைப் பார்த்ததுமே, "ஏமிடி இதி?" என்று தெலுங்கில் கேட்டு, அந்தச் சிவப்பைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் கதவோரம் நிற்கிறோம்.

"பூஜைல வச்ச பொட்டு சார்" என்றார் மேடம்.

"யார் வெச்சது?"

"பூஜை நாள்ல சாமி படத்தத் தொறந்து வச்சது நான். பாத்தா பொட்டு வைப்பாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னுது. மெமோ எனக்குக் குடுங்க."

ஆபீசர் கொடுத்தார், நிஜமாகவே! அண்ணனுடைய பேப்பரிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதார். மேடம் மெமோவை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "எஸ்தர், அந்த மேற்கு ஜன்னல சாத்து, வெயில் விழுது" என்றார்.

இப்போது கையுறை, மெஷின், கம்ப்யூட்டர்... பார்க்கவே பெருமையாக இருக்கிறது. பேத்தி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறாள். எங்களுக்கு லென்ஸைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப் போகும். திரைக்குப் பின்னால் நடக்கும் வேலையை எல்லாம் இன்று போட்டோ எடுத்துவிடுகிறார்கள்.

அன்றைக்கு ஆபீசர் முன்னால் மேடம் செய்த வேலைக்குப் போட்டோ இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன்.