அம்மா சேர்க்கச் சொன்ன வரி

அம்மா பெயரிலிருந்த சேலையூர் வீட்டை என் பெயருக்கு எழுதிவைக்க அவளோடு பத்திர எழுத்தரிடம் போயிருந்தேன். உட்காரப் பிடிக்காமல் வாசலுக்கும் மேசைக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். எழுத்தர் வரைவைப் படித்து முடித்ததும் அம்மா சொன்னாள்:

"சார், நான் இருக்கிறவரைக்கும் அந்த வீட்லதான் இருப்பேன், யாரும் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி சேருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நான் என்ன உன்னை ரோட்லயா விடப்போறேன்?"

"உன்னை யாருடா சொன்னா? போன வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில படுத்தியே. நீ இல்லாம போயிட்டா, நான் யாரு வீட்ல இருக்கிறதா சொல்லிக்கிறது?"

எழுத்தர் என் முகத்தைப் பார்த்தார். "சேருங்க சார்" என்றேன்.

திரும்பும் வழியில் கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி ஊர்ந்தது, மனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காலத்துக்குப் பிறகு என்ன என்றுதான் இத்தனை நாளும் யோசித்திருந்தேன். என் காலத்துக்குப் பிறகான தன் நாட்களை அவள் தனியாகவே யோசித்து முடித்திருக்கிறாள்.