பகீஸியோவின் கத்திக்கு ஒரு காரணம்

ஓர்கியானு மலையூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பகீஸியோவைப் பற்றி ஊருக்கு ஒரே அபிப்பிராயம்தான்: மனுஷன் சட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். ஆடுகளைத் தவிர வேறு எதுவும் குறுக்கே வராத முச்சந்தியிலும் பஸ்ஸை முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் எடுப்பார். அவர் மேல் ஒருநாள் வழக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள்.

ஊர் ஆண்களின் பாட்டுக் கோஷ்டியில் அவருக்கு அடிக்குரல். கோஷ்டித் தலைவர் தத்தானு, கசாப்புக்கடைக்காரர். பகீஸியோவின் மனைவி அன்னெத்தாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்த வசந்த காலத்தில், கடல் தாண்டி இத்தாலிப் பெருநிலத்தில் மோன்தெகார்தா என்ற ஊர்த் திருவிழாவில் பாட அழைப்பு வந்தது. மற்றவர்கள் வெல்வெட் கோட்டைச் சலவைக்குப் போட்டார்கள். பகீஸியோ காவல் நிலையத்துக்குப் போனார்.

அவருடைய கவலை மடக்குக்கத்தி பற்றியது. சார்டினியாத் தீவில், அதுவும் மலைப்பக்கத்தில், பையில் கத்தி இல்லாத ஆம்பளை கால்சட்டை போட மறந்தவனுக்குச் சமம். யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் அக்கரையில் எப்படி? நிலையத்தின் தலைமை அதிகாரி மார்ஷல் தன் கத்தியால் தொத்திறைச்சியை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார். அவரே அக்கரை நேப்பிள்ஸ்காரர், ஊருக்கு வந்த முதல் மாதமே ஒரு கத்தி வாங்கிவிட்டார்.

"மார்ஷல், கப்பல் ஏறும்போது கத்தி கொண்டுபோலாமா?"

"காரணம் இருந்தா தாராளமா."

"என்ன காரணம்?"

"நியாயமான காரணம்."

"எது நியாயம்னு எழுதியிருக்கா?"

"எழுதலை. புடிக்கிற போலீஸ் முடிவு பண்ணுவான். அப்புறம் ஜட்ஜ் முடிவு பண்ணுவார்."

"அலகு நாலு விரலுக்குள்ள இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு சொல்றாங்களே?"

"அது ஒயின்கடை வக்கீலுங்க போட்ட சட்டம். இங்க வா, ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. தற்காப்புக்குன்னு மட்டும் சொல்லிடாத, அந்த நிமிஷமே அது ஆயுதம். இன்னொண்ணு, கேட்ட எடத்துலயே காரணத்தைச் சொல்லிடணும். வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன்னா செல்லாது. தொத்திறைச்சி வேணுமா?"

பகீஸியோ வேண்டாம் என்றார். அது தோல் கெட்டியான தொத்திறைச்சி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பகீஸியோவுக்குப் பல் கிடையாது. ஈறு கெட்டுப்போய், மேலும் கீழுமாக எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, தலைநகர் காலியாரியில் பல்செட்டு கட்டிக்கொண்டார். ஊருக்குச் சொன்னது பஸ் ஓட்டுநர்களுக்கான பயிற்சி என்று. அதுவரை அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய். செட்டு பாட்டுக்கு ஒத்துழைத்தது, சாப்பாட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. ஆப்பிளைக் கடித்தால் செட்டு ஆப்பிளோடு போய்விடும். அதனால் ரொட்டி, பழம், சீஸ் எதுவானாலும் கத்தியால் பொடியாக நறுக்கி, கத்தி முனையில் எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். "பிஷப் மாதிரி சாப்பிடறான்யா" என்று ஊர் சொன்னது. அவர் மறுக்கவில்லை. பாதாம்கொட்டையைப் பல்லால் உடைத்துக் காட்டும் தத்தானுவுக்கு மட்டும் இது தெரியக்கூடாது என்று அன்னெத்தாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அடுத்த ஒத்திகையில் மார்ஷல் சொன்னதைக் கோஷ்டிக்கு எடுத்துச் சொன்னார். தத்தானு மேஜையைத் தட்டினார்.

"இதுக்கா இவ்ளோ நேரம்? சீஸ் வெட்டன்னு சொல்லுவோம். முடிஞ்சுது."

"சீஸ் கையில இருக்கணும் மச்சான்."

"இருக்கும் மாப்ள. ஒரு முழு வட்டம் எடுத்துட்டு வரேன்."

ஆளுக்கு ஒன்று வேண்டாமா என்று பகீஸியோ கேட்டார். கோஷ்டி சிரித்தது.

மோன்தெகார்தாவில் திருவிழாக் கூட்டம் அதிகம். சதுக்கத்தின் வாயிலில் தடுப்புப் போட்டு எல்லோரையும் சோதித்தார்கள். அங்கே நின்ற பெண் போலீஸ் முதலில் தத்தானுவின் பையிலிருந்து கத்தியை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"சீஸ் வெட்ட, மேடம்." தத்தானு சாக்குப்பையைத் திறந்து வட்டத்தைக் காட்டினார். அவள் தலையசைத்தாள். சாக்குப்பை பின்வரிசைக்கு நகர்ந்தது. அடுத்தவரும் சீஸ் என்றார். அதற்கடுத்தவரும். சீஸ் ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் ஊர்ந்து வந்து, வேண்டிய இடத்தில் வெளிப்பட்டது. நாலைந்து பேருக்குப் பிறகு அவள் சீஸைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இந்த ஓரத்துல எலி கடிச்ச மாதிரி ஒரு பள்ளம். முன்னாடி பார்த்ததுலயும் இருந்துச்சே?"

"எங்க ஊர்ல எல்லா எலியும் ஒரே குடும்பம் மேடம்" என்றார் தத்தானு.

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் விட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் நின்றவர் பகீஸியோ. அவர் கத்தியைத் தானே எடுத்து நீட்டினார். ஒளித்து வைப்பது சட்டப்படி தவறு என்பது அவர் எண்ணம்.

"சீஸ்னு சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றாள் அவள். "ஒரு சீஸுக்கு எத்தனை கத்தி? அப்படியே சீஸ் திங்கணும்னாலும், உங்களுக்குன்னு ஒரு கத்தி எதுக்கு? முதல்ல போன அந்தக் குண்டு மாமா வெட்டிக் குடுத்தா கடிச்சுத் திங்க முடியாதா?"

மொத்தக் கோஷ்டியும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தத்தானு வழக்கம்போல பாதாம்கொட்டை ஒன்றை வாயில் போட்டு 'டக்'கென்று உடைத்தார். பகீஸியோ வாயைத் திறந்தார். மார்ஷல் சொன்னது அவருக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. காரணம் உண்மையானது, நியாயமானது, வாய்க்குள்ளேயே இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"கடிக்க முடியும்" என்றார்.

"அப்ப கத்தி எதுக்கு?"

"காரணம் ஒண்ணும் இல்ல."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய வேலையில் இப்படி ஒரு பதிலை அவள் கேட்டதில்லை போலும். தயங்கினாள், இன்னொரு தடவை கேட்டாள். பகீஸியோ அதையே சொன்னார். வேறு வழியில்லாமல் அவரை நிலையத்துக்குக் கூட்டிப் போய், கத்தியைப் பறித்துக்கொண்டு, வழக்கெழுதி அனுப்பினார்கள். கோஷ்டி அடிக்குரல் இல்லாமல் பாடியது. பக்தர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் பகீஸியோவைப் பிற்பாடு அதிகம் உறுத்தியது.

"சீஸ்னு சொல்ல உனக்கு என்ன கேடு?" என்று திரும்பும் கப்பல் பயணம் முழுக்க தத்தானு திட்டினார். "எலிப் பள்ளத்தையே சமாளிச்சவன் நான். ஒத்தை வார்த்தை! குழந்தை சொல்லும்!"

பகீஸியோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி இல்லாத பை லேசாக இருந்தது. கப்பலில் கொடுத்த பேரிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஊர்வரை கொண்டுவந்தார்.

குளிர்காலத்தில் அக்கரை நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. அன்னெத்தா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜட்ஜுகிட்ட பல்லு விஷயத்தைச் சொல்றீங்களா, இல்ல நான் தேவாலய வாசல்ல நின்னு சொல்லட்டுமா?"

"ஜட்ஜுகிட்ட சொல்றேன். உங்க அண்ணனைக் கூட வரவேண்டாம்னு சொல்லு."

அண்ணன் வந்தார். மாப்பிள்ளையைத் தனியாகக் கோர்ட்டுக்கு அனுப்பும் குடும்பம் எங்களுடையதில்லை என்று சொல்லி, அதே வெல்வெட் கோட்டில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நீதிபதி சளி பிடித்த கிழவர். குற்றப்பத்திரிகையைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கேட்டதுக்குக் காரணம் எதுவும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப ஏதாவது சொல்றீங்களா?"

"சொல்றேன் ஐயா. அந்த முதல் பெஞ்சுக்காரரைக் கொஞ்சம் வெளியே அனுப்ப முடியுமா?"

"யாரு அவரு?"

"என் மச்சான்."

"உங்களை மிரட்டினாரா?"

"இல்ல ஐயா. சிரிப்பாரு."

"அதைத் தடுக்கச் சட்டம் இல்ல. மேல சொல்லுங்க."

பகீஸியோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய வழக்கமான அடிக்குரல் அன்றைக்கு எங்கேயோ போய்விட்டது.

"எனக்குப் பல்லு இல்ல ஐயா. ஒண்ணுகூட. இது பூராவும் கட்டினது. கடிச்சா கழண்டு வந்துரும். அதனால எதையும் நறுக்கித்தான் சாப்பிடணும். கத்தி அதுக்குத்தான்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"கோஷ்டி மொத்தமும் நின்னுச்சு ஐயா."

நீதிபதி கைக்குட்டையை எடுத்து நீண்ட நேரம் மூக்கைச் சிந்தினார். கைக்குட்டைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு தீர்ப்பைச் சொன்னார்: காரணம் நியாயமானதுதான், வந்த நேரம்தான் நியாயமில்லை, சட்டம் அந்த இடத்திலேயே கேட்கிறது. அற்பக் குற்றம், அற்ப அபராதம். கத்தி அரசுக்குப் போகும்.

வெளியே வந்த தத்தானு பேசவில்லை. படியிறங்கி, தெருவைத் தாண்டி, துறைமுகம் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்காரும்வரை பேசவில்லை. இப்படி நடந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பகீஸியோவுக்கு அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. பரிமாறுகிறவன் இரண்டு பெரிய இறைச்சித் துண்டுகளையும், கூடவே பறிபோன கத்தியைவிட இரண்டு மடங்கு நீளத்தில் இரண்டு ரம்பக் கத்திகளையும் வைத்துவிட்டுப் போனான். காரணம் எதுவும் கேட்கவில்லை.

தத்தானு பகீஸியோவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். எலும்பை ஒதுக்கி, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கத்தியைப் போட்டு, ஒரே சீராக, சின்னச் சின்னதாக நறுக்கித் தட்டைத் திருப்பித் தள்ளினார்.

"மச்சான், எனக்குப் பல்லுதான் இல்ல. கை இருக்கு."

"வாயை மூடிட்டுத் தின்னு மாப்ள. ஜெயிலுக்குப் போனாலும் போவான், பல்லைக் காட்ட மாட்டானாம். இப்படி ஒருத்தனுக்குத் தங்கச்சியைக் குடுத்திருக்கேன்."

இறைச்சி மிருதுவாக இருந்தது. பகீஸியோ தட்டைக் காலி செய்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவசரப்படாமல் சாப்பிட்டார்.

அன்று கப்பல் துறையை விட்டு நகர்வதற்கு முன்பே தத்தானு மேல்தளத்துக்குப் போய் ஊருக்குப் போன் போட்டுவிட்டார். அவருடைய அன்புக்கும் வாய்க்கும் சம்பந்தம் கிடையாது. காலையில் பகீஸியோ பஸ்ஸை எடுக்கும்போது சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று பல்செட்டைக் காட்டச் சொன்னார்கள். பஸ் ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று சொல்லி, பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய பிறகு காட்டினார்.

அந்த வாரமே மார்ஷல் தெருவில் அவரை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, காலியாரிப் பல் டாக்டரின் பெயரைக் கேட்டார்.

"யாருக்கு மார்ஷல்?"

"ஒரு நண்பருக்கு" என்றார் மார்ஷல்.

பகீஸியோ பெயரைச் சொன்னார். காரணம் கேட்கவில்லை.