விஷுக்கணிக்கு மினுக்கிய கார்

போன மீன மாதத்தில், பங்குனி வெயிலில், ஒருநாள் என் அக்கா மகன் தன் காரின் டிக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. கார் நாள் முழுவதும் அங்கே வெயிலில் கிடக்கும். டிக்கியிலிருந்து ஒரு தட்டையான டப்பாவை எடுத்துத் திறந்தவன் முகம் சுளித்தான். காருக்குப் பூசுகிற மெழுகு. மேலே மஞ்சளாக எண்ணெய் நின்றது. அடியில் கட்டியாக ஏதோ கிடந்தது.

“கேடாயிப்போச்சு மாமா” என்று குப்பைக்கூடையைத் தேடினான்.

நான் கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டேன். போனில் சொன்னால் நாளைக்கே புதிது வந்துவிடும், இது எதற்கு என்று கேட்டான். நான் சிரித்துவிட்டு டப்பாவை மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெயும் வாழைப்பழ மிட்டாயும் கலந்தது போன்ற வாசனை. இத்தனை வருடத்தில் அது மட்டும் மாறவே இல்லை.

எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. ஆனால் சிறுவனாக இருந்தபோது ஒரு கறுப்பு அம்பாசிடரை எங்கள் கார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அதன் டிரைவர். காருக்கு உடைமைக்காரர் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி. காலையில் அவரைப் பேரூர்க்கடை வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்பா காரைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சில்லு சில சமயம் பானட்டில் வந்து விழும். அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டு, விழுந்த இடத்தைத் துண்டால் துடைப்பாராம். இதை அவரே சொல்லி அம்மா சிரித்துக் கேட்டிருக்கிறேன்.

இது நடந்த வருடம் ஐந்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அதற்குப் பிறகு நான் பரீட்சை எதுவும் எழுதவில்லை. அப்போது அது எனக்குத் தெரியாது. லீவு வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஷார்ஜாவில் ஓட்டல் வேலையில் இருந்து லீவில் வந்தார். அம்மாவுக்கும் அக்காவுக்கும் துணிமணி, எனக்கு ஒரு கைக்கடிகாரம். அப்பாவுக்கு மட்டும் ஒரு தட்டையான டப்பா.

“அத்தானுக்குச் சட்டை எடுத்தா பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருவீங்க. அதனால வண்டிக்கு எடுத்தேன். இதைப் பூசினா கண்ணாடி தோத்துப்போகும், பார்த்துக்கோங்க” என்றார் மாமா.

அப்பா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். மூடியில் ஒரு சிவப்புக் கார் படமும், எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்துகளும் இருந்தன. சித்திரை பிறக்கிற விஷுவுக்குத் திறக்கலாம் என்று சொல்லி, காரின் பின்சீட்டுக்கு மேலே, கண்ணாடிக்கு அடியில் உள்ள பலகையில் கொண்டுபோய் வைத்தார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தச் சிவப்புக் கார் தெரியும்படி வைத்தார். மற்ற டிரைவர்கள் கேட்டால் சொல்லலாமே என்று நினைத்திருப்பார். மீனத்து வெயில் அந்தக் கண்ணாடி வழியாக என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை.

விஷு என்று அப்பா சொன்னதற்குக் காரணம் இருந்தது. முதலாளி வீட்டில் ஒரு வழக்கம். எல்லோர் வீட்டிலும் விஷுவன்று கண்விழித்ததும் முதலில் பார்க்கிற கணி என்றால் கொன்றைப்பூ, வெள்ளரி, கண்ணாடி, விளக்கு. அங்கே அதோடு காரும் உண்டு. முதல்நாளே கழுவித் துடைத்துப் போர்ட்டிகோவில் நிறுத்தி, பானட்டின்மேல் கொன்றைப்பூ வைத்து, முன்னால் விளக்கு ஏற்றுவார்கள். விடியும்போது முதலாளி கண்ணை மூடிக்கொண்டு வருவார். கணியைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்து காரையும் பார்த்துக் கும்பிடுவார். சோறு போடுகிற கடைக்குக் கொண்டுபோகிற வண்டி என்று அவருக்கு அதன்மேல் பக்தி.

ஆனால் அந்த வருடம் அவருடைய மகன் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தார். புதிதாக வந்த சின்னக் கார் ஒன்று வாங்கவேண்டும், தானே ஓட்டிக்கொள்ளலாம், இந்தப் பழைய வண்டியை யாராவது கேட்டால் தள்ளிவிடலாம் என்று பின்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். முன்சீட்டில் இருக்கிறவனுக்குக் காது இல்லை என்று நினைத்துத்தான் பின்சீட்டில் எல்லாம் பேசுவார்கள் என்று அப்பா சொல்வார். அன்று முதலாளி சொன்ன பதிலையும் அவர் கேட்டார்.

“விஷு கழியட்டும். வண்டியைக் கணி பார்த்திட்டுத் தீருமானிக்கலாம்.”

அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா இதை அம்மாவிடம் சொன்னார். வண்டி போனால் தானும் போகவேண்டியதுதான் என்றார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தவில்லை.

“பாக்கிறவருக்கு விக்க மனசு வரக்கூடாது. அந்த மாதிரி மினுக்கிருங்க. அவ்வளவுதானே.”

அம்மா சொன்னபிறகு எனக்கும் அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது.

விஷுவுக்கு முதல்நாள் அப்பா காரை நாங்கள் குடியிருந்த கரமனைக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் சந்துக்குள் அது நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கழுவி, நிழலில் நிறுத்தி, துடைத்து, எல்லாம் முடிந்தபிறகு அப்பா டப்பாவை எடுத்தார். கையில் எடுக்கும்போதே உள்ளே சளக் என்று சத்தம் கேட்டது.

திறந்தால் மேலே எண்ணெய். அடியில் வெளுத்துப்போன ஒரு வட்டு. மாமா விரலால் அழுத்திப் பார்த்தார். வட்டு சுழன்றதே தவிர கரையவில்லை. அப்பா எண்ணெயைத் துணியில் தொட்டுக் கதவில் ஒரு ஓரமாகத் தேய்த்தார். ஈரம் பட்டதுபோல் மின்னியது. அப்புறம் அந்த இடத்தில் தெருப்புழுதி போய் ஒட்டிக்கொண்டது.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கா இப்படி இருக்கீங்க? நெய் வெயில்ல உருகினா என்ன செய்வோம்? திரும்ப உருக்கி, ஆற வச்சா உறைஞ்சிட்டுப் போகுது.”

அம்மா பிறந்தது நாங்குநேரிப் பக்கம், எருமை கட்டிய வீடு. நெய் விஷயத்தில் அவளிடம் யாரும் பேசமுடியாது. டப்பாவை அடுப்பில் வைக்கப் போனவளை மாமா தடுத்தார். மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது, தீப்பிடிக்கும் என்றார். அதனால் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்தப் பானையைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், சுடுதண்ணீருக்குள் டப்பாவை இறக்கினாள். சிறிது நேரத்தில் கட்டியும் எண்ணெயும் ஒன்றாகிப் பாயசம்போல் ஆனது. அதை எடுத்து ஒரு மூலையில் வைத்துக் கூடையால் மூடினாள். யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, அந்தப் பக்கம் போய்க் குதிக்கவும் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அசையாமல் ஆறினால்தான் நெய் மணல்மணலாக உறையும். அம்மா ஊரில் நெய்யைப் பார்த்ததும் முதலில் சொல்கிற பாராட்டு அதுதான்.

சாப்பாடு முடிந்து கூடையை எடுத்தபோது மெழுகு உறைந்திருந்தது. அழகாக, மணல்மணலாக. அம்மா டப்பாவைச் சாய்த்து எங்கள் எல்லோருக்கும் காட்டினாள்.

அப்பா துணியில் அள்ளிப் பானட்டில் வைத்துத் தேய்த்தார். நறநற என்றது. மணிகள் உருண்டு ஓடின. ஓடாதவை வெள்ளைக் கோடாக இழுத்தன. கறுப்புப் பானட் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிய சுவர்போல் ஆகிவிட்டது.

“தோசைக்கு ஊத்துறதுன்னா நல்லாருக்கும்க்கா” என்றார் மாமா.

“நீ வாயை மூடு. கொடுத்தது கொடுத்தே, ஒழுங்கா ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருந்தா இந்தப் பாடு உண்டா?”

“சட்டை உருகாதுதான்” என்றார் மாமா. அப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடிந்ததும் வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். இருட்டுவதற்குள் காரைப் பேரூர்க்கடையில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும்.

அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடியும் தண்ணீர் கொதிக்கவைத்தாள். மெழுகு இளகியதும் இந்தமுறை மூலையில் வைக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள சட்டிக்குள் டப்பாவை வைத்து, ஒரு பழைய கரண்டிக் காம்பால் கிண்டத் தொடங்கினாள். அல்வா கிண்டுவதுபோல, அடி தொட்டு, நிறுத்தாமல். அவள் கை ஓய்ந்தபோது காம்பை என்னிடம் கொடுத்தாள்.

“நிறுத்தினா பிரிஞ்சு போயிரும். அது உறையற வரைக்கும் விடக்கூடாது, கேட்டியா?”

நான் விடவில்லை. சட்டித் தண்ணீர் ஆற ஆற மாமா பச்சைத் தண்ணீர் கொஞ்சம்கொஞ்சமாக ஊற்றினார். முதலில் தண்ணீராகச் சுழன்றது. பிறகு கஞ்சிபோல் ஆனது. தோள்பட்டை வலித்தது. இடது கைக்கு மாற்றினேன். அப்புறம் காம்பு கனத்தது. தூக்கிப் பார்த்தால் வழியாமல் அதிலேயே நின்றது. வெண்ணெய்போல வழுவழுப்பாக, ஒரு மணி இல்லாமல் உறைந்திருந்தது. அம்மா விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா அந்த வெள்ளைக் கோடுகளை வழித்துத் துடைத்துவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டிப் பூசினார். காய்ந்ததும் மாமாவும் நானும் துடைத்துக்கொண்டே வந்தோம். துடைக்கத் துடைக்கத் தென்னை மரம் பானட்டுக்குள் வந்தது. மேகம் வந்தது. என் பல் தெரிந்தது. அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். குனிந்து தன் பொட்டைச் சரிசெய்துகொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும்.

மறுநாள் விடியும்போது நானும் அப்பாவோடு முதலாளி வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரே விளக்குதான் ஏற்றியிருந்தார்கள். பானட்டில் ஒன்று, கதவில் ஒன்று, பம்பரில் ஒன்று என்று எங்கு பார்த்தாலும் விளக்கு. முதலாளியை வீட்டம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கண்ணைத் திறந்தவர் கும்பிட மறந்து நின்றார்.

“எடோ, இது நம்ம வண்டி தானா?”

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பா கண்ணைச் சிமிட்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதலாளி எனக்கு விஷுக் கைநீட்டமாகக் காசு கொடுத்து, தலையில் கைவைத்து, “உன் அச்சன் கெட்டிக்காரன்” என்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். இட்லி சாப்பிடும்போது இரண்டுமுறை சட்னி கேட்டு வாங்கினார்.

மதியச் சாப்பாட்டுக்கு முதலாளியின் சிநேகிதர் ஒருவர் ஜீப்பில் வந்தார். நெடுமங்காட்டில் ரப்பர் தோட்டம் உள்ளவர். வீட்டுக்குள் போகாமல் காரைச் சுற்றிச்சுற்றி வந்தார். பானட்டைத் தடவினார். அதில் தெரிந்த தன் மீசையை முறுக்கினார். இப்படி வைத்துக்கொள்ள யாரால் முடியும் என்று உரக்கச் சொன்னார். நான் கூச்சத்தோடு அப்பாவைக் கைகாட்டினேன். அவர் அப்பாவின் தோளில் தட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாயசம் குடித்துவிட்டு வெளியே வரும்போது மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். முதலாளி, மகன், அந்தத் தோட்டக்காரர். முதலாளி அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். கோபமே இல்லை, அத்தனை பிரியமாகத்தான் சொன்னார்.

“இதை ஆரும் வாங்க மாட்டான்னு நினைச்சல்லே நான் வச்சிருந்தது. நீ மினுக்கி மினுக்கி, இப்போ ஆளு தேடி வந்து கேக்குது. இனி எப்படி இல்லைன்னு சொல்றது?”

அப்பா சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

ஜீப்போடு வந்த டிரைவர்தான் காரை எடுத்துப் போகவேண்டும். அப்பா அவனிடம் சாவியைக் கொடுத்தார். இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மெதுவாகப் போடவேண்டும் என்றார். பிறகு முன்பெட்டியைத் திறந்து மெழுகு டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தார். “பின்கண்ணாடிகிட்ட வச்சிராதே. வெயில்ல பிரிஞ்சிரும்” என்றார். எனக்கு அழுகை வந்தது. கார் போனதற்காக இல்லை. அது திரும்பி வராது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கை வலிக்கக் கிண்டிய மெழுகைக் கொடுத்துவிட்டாரே என்றுதான்.

திரும்புகிறபோது பஸ்ஸில் வந்தோம். அப்பாவுக்கு டிரைவருக்கு நேர் பின்சீட்டு கிடைத்தது. நான் ஜன்னலோரம். ஒரு நிறுத்தம் நெருங்கும்போது அவருடைய வலதுகால் முன்னால் நகர்ந்து, பஸ்ஸின் தரையை மெதுவாக அழுத்துவதைப் பார்த்தேன். பஸ் நின்றது. கிளம்பியதும் கால் பின்னுக்கு வந்தது. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே செய்தார். எனக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அழுகை போய்விட்டது. என் கால் தரைக்கு எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, எட்டி, நானும் அவரோடு சேர்ந்து அழுத்தினேன். பஸ் நின்றது.

அப்பா திரும்பி என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அதை உள்ளே இழுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“நீயே ஓட்டு” என்றார்.

நாங்கள் இறங்கவேண்டிய கிழக்கேகோட்டை வரைக்கும் நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.